கவ்ஸரின் கணுக்கால்

என் ஓரகத்தி கவ்ஸர் எதிலும் எனக்குப் பின்னால்தான் வருவாள். வந்த கையோடு என்னை முந்திவிடுவாள்.

நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்து நான்கு வருடம் கழித்துத்தான் என் கொழுந்தன் ஸக்கிக்கு அவளைக் கட்டினார்கள். எனக்கு முதலில் பெண். அவளுக்கு எடுத்த எடுப்பிலேயே பையன். எங்கள் தும்யாத்தில் பாதி ஊருக்குத் தச்சு வேலைதான். என் புருஷனும் கொழுந்தனும் ஒரே பட்டறையில் சோபா செய்கிறவர்கள். என் வீட்டுக் கூடத்தில் கிடப்பது யாரும் வாங்காமல் பட்டறையில் நின்றுபோன சோபா. அவள் கூடத்தில் இருப்பது கெய்ரோக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு வராமல் போன தங்கப்பூச்சு சோபா. நான் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. அதிர்ஷ்டம் என் வாசலைத் தாண்டித்தான் படியேறிப் போகும், ஒரு நாளும் நின்று மணியடிக்காது.

சர்க்கரை வியாதி ஒன்றுதான் எனக்கே எனக்கென்று இருந்தது. பத்து வருடம் அதை வைத்து வீட்டில் கொஞ்சம் மரியாதை சம்பாதித்திருந்தேன். விருந்தில் எனக்கென்று தனித் தட்டு வைப்பார்கள். "இன்ஸாஃபுக்கு சர்க்கரை, பாவம்" என்று நாலு பேர் சொல்வார்கள். அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. அவளுக்கும் சர்க்கரை வந்தது. அப்புறம் எனக்கு மூத்திரத்தில் நுரை வந்தது, கால் வீங்கியது. அடுத்த வருடமே அவளுக்கும் நுரை, அவளுக்கும் வீக்கம். என்னைப் பார்த்து வியாதியைக்கூடக் காப்பியடிக்கிறாள் என்று என் புருஷன் ஃபிக்ரியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹைஸம் விளக்கினார். சிறுநீரகம் என்பது சல்லடை, சர்க்கரையால் அதன் ஓட்டைகள் பெரிதாகி உடம்பில் நிற்க வேண்டிய புரதமெல்லாம் ஒழுகுகிறது, அதுதான் நுரை என்றார். ஒழுகி ஒழுகி ஒரு நாள் சல்லடையே கிழிந்துவிடும். அப்புறம் இயந்திரம்தான்.

இயந்திரம் என்னவென்று எனக்குத் தெரியும். என் அக்கா இஹ்ஸான் வாரம் மூன்று நாள் அதில் கிடந்தாள். அவள் இடது கையில் ஊசி குத்துவதற்காகவே ஒரு நரம்பைப் புடைக்க வைத்திருந்தார்கள். அதன் மேல் விரலை வைத்தால் உள்ளே ஏதோ உறுமுகிற மாதிரி அதிரும். அக்கா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன, அந்த அதிர்வு இன்னும் என் விரல் நுனியில் இருக்கிறது. சாவுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. என் கை அப்படி உறுமக் கூடாது, அவ்வளவுதான் என் பிரார்த்தனை.

அப்படியிருக்கும்போதுதான் டாக்டர் புது மாத்திரையைப் பற்றிச் சொன்னார். பல தேசங்களில் சோதித்துப் பார்க்கிறார்களாம், எங்கள் ஊரிலும் சிலருக்குக் கொடுக்கப் போகிறார்களாம். ஒழுகலைக் குறைத்து இயந்திரத்தைத் தள்ளிப்போடும் என்று நம்புகிறார்களாம். ஒரு சிக்கல் இருந்தது. பாதிப் பேருக்கு நிஜ மருந்து. மீதிப் பேருக்கு அதே நிறம், அதே அளவு, உள்ளே ஒன்றும் கிடையாது.

"எனக்கு எது டாக்டர்?" என்று கேட்டேன்.

"எனக்கே தெரியாது மேடம். எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுது. முடியற வரைக்கும் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இதை நான் ஃபிக்ரியிடம் சொன்னேன். ஃபிக்ரி பட்டறையில் ஸக்கியிடம் சொன்னார். அடுத்த முறை நான் போனபோது கவ்ஸர் எனக்கு முன்னாலேயே பெஞ்சில் இடம் போட்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்கக்கா, உங்களுக்கும் பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

இருவருக்கும் ஒரே மாதிரி வெள்ளைக் குப்பி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அவள் குப்பியை வாங்கி என் குப்பியோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், ஒரு மாத்திரையை நக்கியும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் குலுக்கல் என்று வந்துவிட்டால் எது யாருக்கு விழும் என்று எனக்கு ஆட்டிப் பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? கெய்ரோக்காரர் சோபா யார் வீட்டுக்குப் போனது?

கொஞ்ச காலத்திலேயே தெரிந்துவிட்டது. ராஸ் எல்-பர்ரில் ஸக்கியின் மாமன் மகளுக்குக் கல்யாணம். கவ்ஸர் குதிகால் செருப்பு போட்டுக்கொண்டு வந்தாள். அவள் காலுக்கு அடங்காமல் பரணில் கிடந்த செருப்பு அது. பெண்கள் பக்கம் தர்பூக்கா மேளம் அடிக்க ஆரம்பித்ததும் எழுந்து ஆடினாள். எல்லோரும் அவள் இடுப்பைப் பார்த்துக் கை தட்டினார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். வீக்கம் போய், இரண்டு பக்கமும் கணுக்கால் எலும்பு எடுப்பாகத் தெரிந்தது, கழுவி வைத்த பேரீச்சங்கொட்டை மாதிரி. என் காலில் கணுக்கால் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை ஒரே தூண். அன்றைக்கு விருந்தில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் எனக்கு நினைவில்லை. வயிறு முழுக்க எரிச்சல்தான்.

அதோடு நான் சும்மா இருந்தேனா? வெள்ளிக்கிழமைகளில் எல்லோரும் அவள் வீட்டில்தான் சாப்பிடுவோம். அவள் கழிப்பறையிலிருந்து வந்ததும் அடுத்து நான் போவேன். சங்கிலியை அவள் சரியாக இழுக்கவே மாட்டாள். நுரையில்லை. எனக்கோ முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றினாற்போல் நிற்கும். இதையெல்லாம் எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பொறாமைக்கு வெட்கம் ஏது?

ஆனால் ஆஸ்பத்திரியில் கவ்ஸர் வேறு கவ்ஸர். சோதனைக்காரர்களுக்கு மாதம் ஒரு நாள். நீளமான அறையில் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம், மூலையில் மேசை போட்டு டாக்டர். அவர் கேட்பதும் நாம் சொல்வதும் அறை முழுக்கக் கேட்கும். கல்யாணம் முடிந்த அந்த வாரம் அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு என் தோளில் சாய்ந்தபடி வந்தாள்.

"எப்படி இருக்கீங்க மேடம் கவ்ஸர்?"

"எங்க டாக்டர், செத்துக்கிட்டிருக்கேன். மாத்திரையை முழுங்கினா வாந்தி. எழுந்தா தலை சுத்துது. நேத்து அடுப்படியிலேயே விழுந்துட்டேன்."

நேற்று அவள் அடுப்படியில் இரண்டு வாத்து வறுத்தாள். வாசனை என் மாடி வரை வந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டார். "போன தடவையும் இதையேதான் சொன்னீங்க. இன்னொரு தடவை இப்படின்னா நான் யோசிக்கணும்" என்றார். அவள் முனகினாள்.

எங்கள் ஊரில் இது புதிதில்லை. ஃப்ரிட்ஜ் வாங்கினால் பழைய போர்வையைப் போர்த்தித்தான் மாடியேற்றுவோம். பிள்ளை முதல் மார்க் வாங்கினால் "ஏதோ தட்டுத் தடுமாறி பாஸாயிட்டான்" என்போம். வயிறு மேடு தட்டும் வரை மசக்கையை வாயுத் தொல்லை என்போம். நல்லது நடந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், முடியாவிட்டால் புலம்ப வேண்டும். கண் பட்டுவிடும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன், அதில் எனக்கு ஆட்சேபணையில்லை.

என் ஆத்திரம் வேறு. அவள் யாருடைய கண்ணுக்குப் பயந்து அந்த நாடகம் ஆடினாள்? அந்த அறையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அவளுக்கு அந்நியர்கள். என் கண்ணுக்குத்தான். என் கண் பச்சை, பச்சைக் கண் பொல்லாதது என்பார்கள் எங்கள் ஊரில். கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்து வீட்டு வாத்தைப் பார்த்து "நல்லா கொழுத்திருக்கே" என்றேன், மூன்றாம் நாள் அது செத்துப்போனது. ஒரு தடவை ஸக்கி வீட்டுச் சரவிளக்கை அழகு என்றேன், அன்று சாயங்காலமே கொக்கி விட்டு விழுந்தது. கொக்கி மாட்டியவன் சரியாக மாட்டவில்லை, அதற்கு நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் என்னிடம் ஒரு நல்ல சேதி சொன்னதில்லை. ஊருக்கே தெரிந்தபிறகுதான் எனக்குத் தெரியும். கண் போடுகிறவள் என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போவார்கள், அவ்வளவுதான்.

அன்று எல்லோரும் கிளம்பியபிறகு, ரத்த ரிப்போர்ட் கேட்கிற சாக்கில் நான் திரும்பி டாக்டரிடம் போனேன்.

"டாக்டர், எங்க கவ்ஸருக்கு மாத்திரை கேக்குதான்னு உங்க டெஸ்டுலயே தெரிஞ்சிடுமில்ல?"

"தெரியாது மேடம். உப்பு, பொட்டாசியம் மாதிரி சிலது எனக்கு வரும், எல்லாம் சரியாத்தான் இருக்கு. புரதம் குறையுதா இல்லையாங்கிற ரிசல்ட் மட்டும் எனக்குக் காட்ட மாட்டாங்க. காட்டினா யாருக்கு நிஜ மருந்துன்னு நான் கண்டுபிடிச்சிடுவேன் பாருங்க. அதனால அவங்க வாயால சொல்றதுதான் எனக்குக் கணக்கு."

"அடுத்த தடவையும் வாந்தி, மயக்கம்னு சொன்னா?"

"நிறுத்திடுவேன். எங்கேயாவது விழுந்து மண்டை உடைஞ்சா யார் பதில் சொல்றது?"

"அப்புறம் மறுபடி குடுப்பீங்களா?"

"அதெல்லாம் கிடையாது. நிறுத்தினா நிறுத்தினதுதான்."

நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாசலில் கவ்ஸர் தலைத்துணியை அவிழ்த்துவிட்டு, வறுத்த தர்பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு டுக்-டுக்குக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். மயக்கத்தின் சுவடே இல்லை.

அந்த மாதம் முழுக்க அந்த ரகசியம் என் வயிற்றில் உட்கார்ந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அடியே, டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்றதை அப்படியே நம்புறார்" என்றால் முடிந்தது. சொல்லாவிட்டால் அவள் மாத்திரை போகும். கணுக்கால் போகும். அவளும் என்னைப் போல் தூண் காலோடு படியேறுவாள், மூச்சு வாங்க என் வாசலில் நிற்பாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் சமமாக இருப்போம். உண்மையைச் சொல்கிறேன், அந்த நினைப்பு இனித்தது. அந்த இனிப்புக்கு டாக்டர் தடை போடவில்லை.

ஒரு நாள் முலூக்கியாக் கீரை வைத்த சட்டியைக் கரண்டியால் வழித்துக்கொண்டே ஃபிக்ரியிடம் கேட்டேன். "என்னங்க, ஒருத்தி தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டா, நாம போய்த் தடுக்கணுமா?"

"யாரு, கவ்ஸரா?"

"நான் பேர் சொன்னேனா?"

"இருபது வருஷமா நீ வேற யாரைப் பத்திப் பேசியிருக்க?" என்று ரொட்டியைக் கிழித்தார். "தடுத்தா உனக்கு என்ன குறையப் போகுது?"

"எனக்கு ஒண்ணும் கூடப் போறதில்லையே."

சாப்பிட்டு முடித்து எழுந்தபோது, "உன் கால் வீக்கத்தை நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன், இன்ஸாஃப்" என்றார். அது ஏன் அப்போது சொன்னார் என்று எனக்குக் கோபம் வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் கவ்ஸர் உப்பில்லாத மஹ்ஷி ஒரு தட்டு கொண்டுவந்தாள். சுரைக்காயில் அரிசி அடைத்து, எனக்கென்று தனியாகச் செய்தது. அவள் நல்லவள்தான், அதுதான் இன்னும் கடுப்பு. என் சோபாவில் உட்கார்ந்து உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"முடியலக்கா. நேத்து மூணு தடவை வாந்தி."

"அப்படின்னா நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போற?"

"உள்ளதைச் சொல்வேன். மயக்கம், வாந்தி. நான் என்ன சொன்னா என்ன, அவர்கிட்டதான் எல்லாம் காகிதத்துல இருக்கே. அவ்வளவு ரத்தம் உறிஞ்சறாங்க, தெரியாமலா இருக்கும்?"

இதோ, அவளே வாசலைத் திறந்து வைத்துவிட்டாள். நான் வாயைத் திறந்தேன். அப்போது அவள் காலை மடக்கி உட்கார்ந்தாள். உடையின் விளிம்புக்குக் கீழே அந்தக் கணுக்கால். தற்செயலாகத்தான் தெரிந்தது. என் பார்வை போன இடத்தைப் பார்த்ததும் சட்டென்று உடையை இழுத்து மூடினாள். எதிரே இருப்பது ஏதோ நாய் மாதிரி.

"மஹ்ஷி ஆறிடும்" என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் கிளம்பியதும் கதவோரம் நின்று காது கொடுத்துக் கேட்டேன். மூன்றாம் மாடி வரை எங்கேயும் நிற்காமல் ஏறினாள்.

மறுநாள் கவ்ஸர் தன்னையே மிஞ்சினாள். மூக்கில் எலுமிச்சம்பழத்தை வைத்து மோந்துகொண்டே வந்தாள். நர்ஸ் மஹாஸின் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். டாக்டர் கேட்டதும் அவள் சொல்ல ஆரம்பித்தாள், வாந்தி, மயக்கம், கண் இருட்டல், புதிதாக நெஞ்சு படபடப்பையும் சேர்த்துக்கொண்டாள். பெஞ்சில் இருந்த கிழவர் ஒருவர் "அல்லாஹ் ஷிஃபா கொடுக்கட்டும்" என்றார்.

டாக்டர் பேனாவை மூடினார். "போதும் மேடம் கவ்ஸர். உங்க உடம்புக்கு இது ஒத்துக்கல. இன்னியோட மாத்திரையை நிறுத்திடலாம். குப்பியை நர்ஸ்கிட்ட குடுத்துடுங்க."

"சரி டாக்டர். வேற குப்பி எப்ப குடுப்பீங்க?"

"வேற கிடையாது. உங்களுக்கு இதோட முடிஞ்சுது."

அவள் மூக்கிலிருந்து எலுமிச்சம்பழம் இறங்கியது. மஹாஸின் கையை நீட்டினாள். கவ்ஸர் பைக்குள் கையை விட்டாள், குப்பியைப் பிடித்தபடியே கையை வெளியே எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். "டாக்டர், உங்க காகிதத்துல..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். ஒரே ஒரு வாக்கியம்தான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. நான் நன்றாக இருக்கிறேன். அவ்வளவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. மஹாஸினின் கையை நோக்கிக் குப்பி மெதுவாக வெளியே வந்தது.

எனக்கு இரக்கம் வந்தது என்று நினைத்தால் தவறு. எனக்கு வெறி வந்தது. மருந்து போனாலும் பரவாயில்லை, இயந்திரத்தில் படுத்தாலும் பரவாயில்லை, இந்த இன்ஸாஃப் எதிரில் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். என் கண்ணைவிட அந்த இயந்திரம் மேல் என்கிறாள். என் அக்காவின் கையைத் தொட்டுப் பார்த்தவளா இவள்?

எழுந்தேன். எழுந்த வேகத்தில் பெஞ்சே ஆடியது.

"பொய் சொல்றா டாக்டர்."

அறையில் எல்லோரும் திரும்பினார்கள்.

"வாந்தியா இவளுக்கு? வாந்தி எடுக்கிறவளா போன வாரம் ஒரு முழு வாத்தை ஒத்தையா உக்காந்து தின்னா? மயக்கம் வர்றவளா குதிகால் செருப்பு போட்டுக்கிட்டு ராஸ் எல்-பர்ருல பாட்டுக்குப் பாட்டு ஆடுனா? மூணு மாடி ஏறுறா டாக்டர், ஒரு இடத்துல நிக்கறதில்ல. எனக்கு ஒரு மாடிக்கே ரெண்டு தடவை உக்காரணும். மூத்திரத்துல நுரை கிடையாது, நான் பாத்திருக்கேன், எப்படிப் பாத்தேன்னு கேக்காதீங்க. கன்னத்தைப் பாருங்க. அந்த சாக்ஸைக் கழட்டிக் காலைப் பாருங்க. கணுக்கால் எப்படி இருக்குன்னு பாருங்க. இந்த அறையில இவ மாதிரி கால் ஒருத்திக்கு இருக்கா?"

"அக்கா, வேணாம்" என்றாள் கவ்ஸர். குரலே எழும்பவில்லை. "கண் படாம இருக்க மாஷா அல்லாஹ்வாவது சொல்லுங்கக்கா."

"மாஷா அல்லாஹ்" என்றேன், காறித் துப்புகிற குரலில். "எழுதிக்கோங்க டாக்டர். இவளுக்கு ஒரு கேடும் இல்லை."

டாக்டர் ஹைஸம் எழுந்துவந்து கவ்ஸரின் சாக்ஸை இறக்கச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். தடயமே இல்லை. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் பிரஷர் பார்த்தார். என் பக்கம் திரும்பி, என் காலையும் காட்டச் சொன்னார். அவர் விரலை எடுத்தபிறகும் பள்ளம் அப்படியே நின்றது. மாவில் அமுக்கியது போல. அறை முழுக்க அந்தப் பள்ளத்தைப் பார்த்தது, நானும் பார்த்தேன்.

"மேடம் கவ்ஸர், எனக்கு நிஜமான பதில் வேணும். வாந்தி உண்டா?"

கவ்ஸர் தலையைக் குனிந்துகொண்டு, "இல்லை" என்றாள். குப்பி அவள் பைக்குள் திரும்பிப் போனது.

டுக்-டுக்கில் அவள் என்னோடு பேசவில்லை. அன்று அவள் வீட்டிலிருந்து திருஷ்டிக்குப் போட்ட ஹர்மல் விதையும் படிகாரமும் கருகுகிற நெடி படி வழியாக இறங்கி என் வீட்டுத் திரைச்சீலையில் எல்லாம் ஏறியது. காகிதத்தில் பொம்மை வெட்டி, கண் வைத்தவர்களை ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி ஊசியால் குத்தினாள். அவள் ஜன்னல் திறந்திருந்தது. என் பேரைச் சொல்லி ஒரு குத்தோடு விடவில்லை. "இன்ஸாஃபோட வலது கண்ணு, இன்ஸாஃபோட இடது கண்ணு" என்று தனித்தனியாகக் குத்தினாள். அவள் மருந்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு எனக்குக் கிடைத்த கூலி. நான் ஜன்னலை அறைந்து சாத்தினேன். ஃபிக்ரி மட்டும் "நல்ல காரியம்தான் பண்ணியிருக்க" என்றார். "நல்லது பண்ணணும்னு நான் பண்ணல" என்றேன். "அது எனக்கும் தெரியும்" என்றார்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு எங்களைக் கூப்பிடுவது நின்றது. மஹ்ஷியும் நின்றது. ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகப் போய்வந்தாள். அவள் கணுக்கால் அப்படியேதான் இருந்தது. என் கண் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை யாராவது வெளியே சொன்னார்களா? வாத்து செத்தபோது மட்டும் தெரு முழுக்கச் சொன்னார்கள்.

எனக்குக் குறைந்துகொண்டே போனது. சிறுநீரகம் இன்னும் எவ்வளவு வேலை செய்கிறது என்று டாக்டர் சொல்லும் எண் ஒவ்வொரு முறையும் இறங்கியது. கையில் நரம்பைப் புடைக்க வைக்கிற அறுவையைப் பற்றி ஒரு தடவை மெதுவாகப் பேச்செடுத்தார். நான் கையை முக்காட்டுக்குள் ஒளித்துக்கொண்டேன்.

சோதனை முடிந்த சேதி வந்தது. டாக்டர் எல்லோரையும் ஒன்றாகக் கூப்பிட்டுச் சொன்னார். மருந்து வேலை செய்கிறது, சோதனையில் இருந்த எல்லோருக்கும் இனி நிஜ மாத்திரையே தரப் போகிறார்கள். இதுவரை யாருக்கு எது என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. புதுக் குப்பியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

முதலில் குறைந்தது நுரை. அப்புறம் ஒரு காலையில் செருப்பு வாரை ஒரு துளை உள்ளே தள்ளிப் போட்டேன். கட்டிலில் உட்கார்ந்து காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன். இடது பக்கம் எலும்பு எட்டிப் பார்த்தது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் என் எலும்பு. ஃபிக்ரியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டேன்.

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்கு ஸக்கியின் வண்டியில் எங்கள் இருவரையும் ஒன்றாகத்தான் அனுப்பினார்கள். அண்ணன் தம்பிகள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. கவ்ஸர் ஒரு ஜன்னலைப் பார்த்தாள், நான் இன்னொரு ஜன்னலை. பெஞ்சிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

"எப்படி இருக்கீங்க மேடம் இன்ஸாஃப்?" என்றார் டாக்டர்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எனக்கு வலது பக்கம் கவ்ஸரின் மூச்சு கேட்டது. அவள் கண்கள் என் மேல் இருந்தன. நிஜமாகச் சொல்கிறேன், என் கால் தானாகப் பெஞ்சுக்கு அடியில் போனது.

"எங்க டாக்டர்" என்று என் வாய் சொன்னது. "தலை சுத்துது. சாப்பிட்டா ஒமட்டுது."

சொல்லி முடித்தபிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். மாற்றிச் சொல்லலாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படிச் சொல்வேன்?

கவ்ஸர் என்னையே பார்த்தாள். அப்புறம் பெஞ்சிலிருந்து இறங்கி, அத்தனை பேர் முன்னால் என் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். என் சாக்ஸைப் பிடித்து இறக்கினாள், உள்ளே இருந்த இன்னொரு சாக்ஸையும் இறக்கினாள். "ரெண்டு சாக்ஸ்" என்றாள் தனக்குத்தானே. கட்டைவிரலை என் எலும்பின் மேல் வைத்துப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினாள். வலித்தது. விரலை எடுத்தாள். பள்ளம் விழவில்லை.

அவள் முகத்தில் அப்போது ஓடியதை வேறு யாரும் கண்டிருக்க முடியாது. எனக்கு அது நன்றாகப் பழகிய முகம். கொஞ்ச நேரம் அந்தக் காலைப் பிடித்தபடியே இருந்தாள்.

"மாஷா அல்லாஹ்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அப்புறம் டாக்டரைப் பார்த்துத் திரும்பினாள். "பொய் சொல்றாங்க டாக்டர். அக்காவுக்கு ஒரு கேடும் இல்லை. எழுதிக்கோங்க."

வீட்டுக்கு வந்ததும் மேல் துணியைக்கூட மாற்றாமல் கத்தரிக்கோலை எடுத்துக் காகிதத்தில் பொம்மை வெட்டினேன். முதல் குத்து கவ்ஸரின் வலது கண்ணுக்கு, அடுத்தது இடது கண்ணுக்கு. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு, என் கண்ணுக்கும் ஒன்று குத்தினேன். அன்றொரு நாள் கட்டிலில் உட்கார்ந்து என் காலை நானே அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனே. பொம்மையை ஹர்மலோடு சேர்த்து எரிக்கலாம் என்று பார்த்தால் வீட்டில் அது தீர்ந்துபோயிருந்தது. படியேறி அவள் வீட்டு மணியை அடித்தேன். எதற்கென்று கேட்காமலே ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தாள்.